ஆன்டெனாவும் மூடிக்குள் பிள்ளையாரும்

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்ட உறவினர்களில் ஒருவருக்காவது என் பதில் புரிந்ததாக எனக்கு நினைவில்லை. ஆன்டெனா வேலை என்றதும், மொட்டை மாடியில் ஏறி மீன்முள் ஆன்டெனாவைத் திருப்பிவிட்டு "இப்ப தெரியுதா?" என்று கத்துகிறவன் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரான பெரியப்பா முறை ஒருவர், "அதான் எல்லா ஊட்லயும் கேபிள் வந்துட்சே, உனக்கு எப்டிப்பா ஓடுது?" என்று உண்மையான கவலையோடு விசாரித்தார். ஓடுது பெரியப்பா என்றேன். அதற்குள் ரசம் வந்துவிட்டது.

நான் செய்வது இதுதான். கம்பியில்லாமல் பேசும் சர்க்யூட் போர்டில், பேசுகிற சிப் ஒரு பக்கம் இருக்கும். அந்தப் பேச்சைக் காற்றில் விடுகிற ஆன்டெனா, போர்டின் ஓரத்தில் வளைந்து வளைந்து போகும் செம்புக்கோடாக இன்னொரு பக்கம் இருக்கும். இரண்டுக்கும் ஒத்துப்போகாது. பெரிய குழாயில் சின்ன ஹோஸைச் செருகினால் தண்ணீர் செடிக்குப் போகாமல் நம் முகத்தில் அடிக்குமே, அதுபோல சிப் அனுப்புகிற சக்தி ஆன்டெனாவுக்குள் போகாமல் திரும்பி வந்துவிடும். நடுவில் ஒரு காயில், இரண்டு கெப்பாசிட்டர் என்று கசகசா அளவில் மூன்று பாகங்களை வைத்து இருவரையும் சமாதானப்படுத்துவதற்குப் பெயர் மேட்சிங் நெட்வொர்க். அந்த மூன்றும் என்னென்ன மதிப்பில் இருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். மூன்று கசகசாவுக்கு ஒரு முழு ஆளா என்று எங்கள் முதலாளி மாதம் தவறாமல் வியப்பார்.

முதலாளியின் குடும்பம் மண்ணூர்பேட்டைப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நெல் போட்டது. வயல்களைச் சுற்றித் தொழிற்பேட்டை எழும்பிய பிறகு, மிச்சமிருந்த துண்டு நிலத்தில் ஒரு ஷெட் போட்டார்கள். பல வருஷம் இரும்புப் பெட்டியில் மோட்டார் ஸ்டார்ட்டர் செய்து விற்றார்கள். பிறகு மருமகன் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து, இனிமேல் எல்லாம் ஒயர்லெஸ்தான் மாமா என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அவர் போய்விட்டார், ஒயர்லெஸ் எங்களிடம் தங்கிவிட்டது.

எங்கள் பொருள் எளிமையானது. மாடித் தொட்டியின் மேல் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, கீழே மோட்டாருக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி. தொட்டி நிரம்பியதும் மேலே இருப்பது சொல்லும், கீழே இருப்பது மோட்டாரை நிறுத்தும். நடுவில் இரண்டு தளம் கான்க்ரீட். அதைத் தாண்டிப் பேச்சுக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான், கள்ளிக்குப்பத்திலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில் மூன்று பேர் சீட்டில் ஐந்தாவது ஆளாக நான் வந்துகொண்டிருந்தேன்.

அளக்கும் கருவி வேண்டும் என்று கேட்டேன். விலையைக் கேட்டு முதலாளி கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு ஆன்லைனில் உள்ளங்கை அளவில் ஒன்றை வாங்கித் தந்து, "இதுவும் அதே வேலதான் செய்யுது சார், மருமவன் சொல்லிச்சி" என்றார். அந்த உள்ளங்கைக் கருவியோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன். நான் சாதாரண ஆள் இல்லை என்று எனக்கு அப்போது ஓர் எண்ணம். பெட்டியை வார்த்துத் தரும் பிளாஸ்டிக் அச்சுக்காரர் அனுப்பிய காலி மூடியைப் போட்டு மூடித்தான் அளந்தேன். தொட்டிக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய கேனைப் பக்கத்தில் வைத்து அளந்தேன். மழைக்கு ஈரத்துணி போர்த்தி அளந்தேன். காக்கா வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று என் கையையே மேலே வைத்து அளந்தேன். கடைசியில் திரையில் கோடு நான் கேட்ட இடத்தில் கிணறு மாதிரி இறங்கி நின்றது, அங்கே சக்தி திரும்பி வரவில்லை என்று அர்த்தம். அதைப் படம் பிடித்து மனைவிக்கு அனுப்பினேன். "சரி, வரும்போது கொத்தமல்லி" என்று பதில் வந்தது.

அந்த மூன்று பாகங்களையும் போர்டில் பற்றவைத்தவர் ஒரு அக்கா. மற்றதெல்லாம் வெளியில் மெஷினில் ஏறி முடிந்து வரும். என் மூன்று இடங்கள் மட்டும் காலியாக வரும், ஏனென்றால் நான் கடைசி நாள்வரை மதிப்பை மாற்றிக்கொண்டே இருந்தேன். அக்கா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் ஒரு போர்டுக்கு மூன்று மூச்சு, மூன்று பாகமும் உட்கார்ந்துவிடும். அவருடைய அம்மா முதலாளி வீட்டு வயலில் கூலிக்கு நாற்று நட்டவராம். அதை அக்கா சொன்னதில்லை. முதலாளிதான் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

அக்கா ஆறு வருஷமாகத் தற்காலிகம். தையில் பெர்மனென்ட் ஆர்டர் தருவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அது வந்துவிட்டால், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று ஒவ்வொரு மாதக் கடைசியிலும் பயந்துகொண்டிருப்பது நிற்கும். "அந்தக் காயிதம் மட்டும் வந்துட்சினா போதும் சார், நா நிம்மதியா தூங்குவேன்" என்று ஒருமுறை டீ குடிக்கும்போது சொன்னார்.

முதல் தவணைப் பெட்டிகள் போன மூன்றாவது வாரம் போன் வர ஆரம்பித்தது. சில வீடுகளில் நன்றாக வேலை செய்தது. சில வீடுகளில் தொட்டி நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டுக்காரரின் வடகத்தின் மேல் விழுந்தும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. பெட்டிகள் திரும்பி வந்தன. திறந்து பெஞ்சில் வைத்தால் ஒவ்வொன்றும் தங்கமான பிள்ளை. கோடு கிணறாக இறங்கியது, சிக்னல் ஷெட்டின் மறுகோடி வரை போனது. என் வேலையில் குறை இருக்க முடியாது என்பது இப்படி விஞ்ஞான ரீதியாக உறுதியானது.

எங்களிடம் ஒரு தரக் கட்டுப்பாட்டுப் படிவம் உண்டு. ஒரு புகார் வந்தால் ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு, மூலக் காரணத்தைக் கண்டுபிடித்து எழுத வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் ஷெட்டில் இரண்டாவது ஏன்-இலேயே ஒரு அக்கா வந்துவிடுவார். சிக்னல் ஏன் போகவில்லை? மேட்சிங் சரியில்லை. மேட்சிங் ஏன் சரியில்லை? கையால் பற்றவைத்ததில் குறை. அத்தோடு நிறுத்திக் கையெழுத்துப் போட்டேன். மிச்ச மூன்று ஏன்களுக்கும் நேரே ஒரு கோடு இழுத்துவிட்டேன்.

திங்கள்கிழமை மீட்டிங்கில் அதைப் படித்தேன். எல்லாரும் இருந்தார்கள். அக்கா எழுந்து நின்றார்.

"நா வெச்சது கோணன்னா, இங்க டெஸ்ட்ல எப்டி சார் பாஸ் ஆச்சி?"

இதைவிட நல்ல கேள்வியை அந்த மாதம் முழுவதும் யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. நான் என்ன செய்தேன் என்றால், தெர்மல் ஸ்ட்ரெஸ் என்றேன். இன்டர்மிட்டென்ட் கான்டாக்ட் என்றேன். மாடி வெயிலில் சால்டர் விரிந்து சுருங்குவது பற்றி ஒரு நீளமான ஆங்கில வாக்கியம் சொன்னேன். முதலாளி ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் ஒரு தரம் தலையாட்டினார். அக்கா என்னைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார்.

அக்காவைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். மதிப்புகள் முடிவாகிவிட்டதால் என் மூன்று பாகங்களையும் இனி வெளியிலேயே மெஷினில் போட்டு வாங்கலாம் என்று தீர்மானமானது. வாசலில் என்னை நிறுத்தி முதலாளி, "பெர்மனென்ட்லாம் இனி எங்க சார், இந்த லாட் முடிய பாத்துட்டு கணக்கு முடிச்சி அனுப்பிடலாம்" என்றார். நான் என் செருப்பைப் பார்த்தேன். அது நல்ல நிலையில்தான் இருந்தது.

மெஷினில் போட்ட இரண்டாவது தவணை வெளியே போனது. அக்காவின் கை ஒரு போர்டிலும் படவில்லை. அதில் சில பெட்டிகள் மட்டும் திரும்பி வரவில்லை. கிட்டத்தட்ட எல்லாமே திரும்பி வந்தன.

கோபத்தில் முதலாளி என்னையே வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்பினார். காட்டுப்பாக்கத்தில் ஒரு மாடி வீடு, ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒருவர். மாடிக்குக் கூட்டிப்போய்த் தொட்டியைக் காட்டினார். எங்கள் பெட்டி மூடி இல்லாமல், பால் கவரைக் கவிழ்த்துச் சணலால் கட்டப்பட்டு, சந்தோஷமாக வேலை செய்துகொண்டிருந்தது.

"மூடி எங்க சார்?" என்றேன்.

"கழட்டி வெச்சிட்டேம்பா. மூட்னா ஊமையாயிடுது, தொறந்தா பேசுது. இத்த நீங்க கண்டுபுடிக்க மாட்டீங்களா? நா பத்து நிமிசத்துல கண்டுபுடிச்சிட்டேன்."

சம்பளம் வாங்காமல் கண்டுபிடித்த அந்தப் பெரிய மனிதர் மூடியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். திருப்பினேன். உள்பக்கம், நட்டநடுவில், ஒரு குமிழிகூட இல்லாமல் தேய்த்து ஒட்டப்பட்டு, வெயிலில் தகதகவென்று ஜொலித்துக்கொண்டிருந்தார் பிள்ளையார். தங்க நிற ஃபாயில் ஸ்டிக்கர். உள்ளங்கையில் பாதி அளவு உலோகம், பெட்டியின் நடுவுக்கு வரும் போர்டு ஓரத்து ஆன்டெனாவுக்கு நேர் மேலே. உலோகம் பக்கத்தில் வந்தால் ஆன்டெனாவின் சுருதி மாறிவிடும்.

எங்கள் ஷெட்டிலிருந்து போகும் எந்தப் பெட்டியும் உள்ளே பிள்ளையாரை ஒட்டாமல் மூடப்படுவதில்லை. இரும்பு ஸ்டார்ட்டர் காலத்திலிருந்து வந்த வழக்கம். இரும்புக்குள் இன்னும் கொஞ்சம் உலோகம் இருந்தால் யாருக்கு என்ன? டெஸ்ட் எல்லாம் முடிந்த பிறகு, ஸ்க்ரூ போடும் முன் பேக்கிங் மேஜையில் ஒட்டுவார்கள். அதனால் என் பெஞ்சுக்கு வந்த காலி மூடிகளில் அவர் இல்லை. திரும்பி வந்த பெட்டிகளின் மூடிகளில் அவர் இருந்தார். நான் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். ஷெட்டில் பீரோ, டீ ஃபிளாஸ்க், ஃபியூஸ் பெட்டி என்று அவர் இல்லாத இடமே இல்லை என்பதால், மூடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போர்டை மட்டும் அளந்தேன். காக்காவைக்கூட யோசித்த மூளைக்கு அவரை யோசிக்கத் தோன்றவில்லை.

பெஞ்சுக்கு வந்ததும் அந்த மூடியைப் போட்டு அளந்தேன். என் அழகான கிணறு இடம் பெயர்ந்து எங்கோ இடது ஓரத்தில் கிடந்தது. மற்ற விஷயமும் அப்போது விளங்கியது. முதல் தவணையில் பேக்கிங்கில் இருந்தவர்கள் ஸ்டிக்கரைக் கைக்கு வந்த மூலையில் கோணல்மாணலாக ஒட்டியிருந்தார்கள். ஆன்டெனாவை விட்டு விலகி ஒட்டியவை பிழைத்தன. பிறகு அக்கா வந்தார். அவருக்கு எதையும் கோணலாகச் செய்யத் தெரியாது. ஒவ்வொரு மூடியிலும் சரியாக நடுவில், கட்டை விரலால் அழுத்தித் தேய்த்து ஒட்டினார். கைவேலை சரியில்லை என்று நான் எழுதிக்கொடுத்த ஆளின் கைவேலை அவ்வளவு சுத்தமாக இருந்ததால்தான் எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி கெட்டது. அதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே கூச்சமாகவும் இருந்தது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். ஸ்டிக்கரை எடுத்துவிட்டால் போதும் என்றேன்.

"புள்ளையார எட்த்துட்டு ஒரு பொட்டி இந்த கேட்ட தாண்டாது. வேற எதுனா சொல்லு சார்."

காகிதத்தில் அடித்த பிள்ளையார் ஒட்டலாமா? பளபளப்பு இல்லாமல் அது என்ன பிள்ளையார் என்றார். பேட்டரிக்குப் பக்கத்தில், கீழ்ப்பக்கம் ஒட்டலாமா? "சாமிய கால்மாட்லயா வெப்ப?" என்றார். பெட்டிக்குக் கால் ஏது என்று நான் கேட்கவில்லை.

ஆகவே, வேறு எந்த நாட்டு இன்ஜினியருக்கும் வாய்த்திருக்க முடியாத பாக்கியம் எனக்கு வாய்த்தது. பிள்ளையார் நடுவில் எழுந்தருளியிருக்க, அவரையும் ஆன்டெனாவின் ஒரு பகுதியாகச் சேர்த்துக்கொண்டு மேட்சிங் செய்தேன். காயிலின் மதிப்பைக் குறைத்தேன், ஒரு கெப்பாசிட்டரை மாற்றினேன், கிணறு மெதுவாகப் பழைய இடத்துக்கு வந்தது. பழைய அளவு தூரம் போகவில்லை. இரண்டு தளம் கான்க்ரீட்டுக்குப் போதுமானதாக இருந்தது. டிராயிங்கில் பாகங்களின் பட்டியலில் ஸ்டிக்கரையும் ஒரு பாகமாக, எந்த இடத்தில் என்ற அளவோடு, சேர்த்தேன். அப்படியே அரை மில்லிமீட்டர் பிசகாமல் ஒட்டக்கூடிய ஒரே ஆள் அக்காதான் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, ஆனாலும் கணக்கு முடிக்கும் பேச்சு அப்படியே இருந்தது.

முதலாளி குதூகலமாக இருந்தார். "ஆர் மேலயும் தப்பு இல்ல சார், எல்லாம் புள்ளையாரோட வெளையாட்டு" என்று அறிவித்துத் தேங்காய் உடைத்தார். யார் மேலும் தப்பில்லை என்பதில் எனக்கு வந்த நிம்மதியை எழுத வெட்கமாக இருக்கிறது. தேங்காய்ச் சில்லை மென்றுகொண்டே படிவத்தை எடுத்துப் பழைய மூலக் காரணத்தை அடித்தேன். பதிலாக, மூடியின் உள்பக்கம் ஒட்டப்பட்ட உலோகப் பூச்சுள்ள ஸ்டிக்கர் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு நேராகப் பேக்கிங் மேஜைக்குப் போனேன். அக்கா நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன், இதிலென்ன மறைக்க.

"உங்க பேர எடுத்துட்டேன்க்கா" என்றேன்.

"இன்னானு எழுதிகீறீங்க? தமிழ்ல சொல்லுங்க."

சொன்னேன். அக்கா கையிலிருந்த பெட்டிக்கு நான்காவது ஸ்க்ரூவை முடுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"மொதல்ல என் மேல போட்டீங்க. இப்ப புள்ளையார் மேல போட்டுகினு வந்துகீறீங்க. நானாச்சும் எழுந்து கேட்டேன், இங்கிலீசுல பேசி உக்கார வெச்சிட்டீங்க. அவரு அதுகூட கேக்க மாட்டாரு, இல்ல சார்?"

தெர்மல் ஸ்ட்ரெஸ் என்று சொல்ல முடியாத நேரம் அது. அவமானமாக இருந்தது, அதைவிட, இவ்வளவு நாளும் அவமானமாக இல்லாமல் இருந்தேனே என்று இருந்தது. பேக்கிங் மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதியதை அடித்தேன். அந்தக் கட்டத்தில் முதல்முறையாகத் தமிழில் எழுதினேன்: மேட்சிங் செய்தவர் விற்பனைக்குப் போகும் முழுப் பெட்டியை ஒருமுறைகூட அளந்து பார்க்கவில்லை. பற்றவைத்ததில் எந்தக் குறையும் இல்லை. பார்க்காமலே குறை என்று எழுதியதும் அவரே.

கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அக்கா உதடு அசையப் படித்தார். இரண்டாம் தரமும் படித்தார்.

"அன்னிக்கி மீட்டிங்ல எல்லாரும் இருந்தாங்க" என்றார். "இத்தயும் அங்கதான் படிக்கணும்."

அடுத்த திங்கள்கிழமை எழுந்து நின்று படித்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகாத வாக்கியங்கள். "இதெல்லாம் எதுக்கு சார், நமக்குள்ள போயி" என்று முதலாளி குறுக்கே கையை ஆட்டினார். நிறுத்திவிடலாம் என்று எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அக்கா இருந்த பக்கம் பார்த்தேன், மேலே படித்தேன். அக்கா எழுந்து வந்து படிவத்தை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார்.

"தேதி போடல சார்."

போட்டேன்.

"இதுக்கு எனக்கு ஒரு ஜெராக்ஸ் வேணும். பெர்மனென்ட் ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் நா வெச்சிக்கறேன்."

முதலாளி அலுவலகப் பெண்ணிடம் சைகை காட்டினார். நான் தடுத்துவிட்டு, அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நானே தெருமுனைக் கடைக்கு நடந்தேன். கடைக்காரர் அதைக் கண்ணாடியில் கவிழ்க்கும் முன் ஒரு தரம் வாசித்துப் பார்த்துவிட்டு, எத்தனை காப்பி என்று கேட்டார்.